மூன்று துளை வைத்த மரப்பெட்டி

கிட்ட வந்து இருங்கள், என் கண்ணுகளே. அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கள், ஹீற்றருக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பெட்டியின் கதை சொல்லப்போகிறேன். ராசாவின் நகைப்பெட்டி இல்லை. ஒரு மனிதன் தன் கையாலே மரத்தைக் குடைந்து செய்த, சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு பூதம் இருந்தது என்று துஷானி இன்றைக்கும் சொல்லுவாள். இருந்ததா இல்லையா என்பதைக் கதை முடிய நீங்களே சொல்லுங்கள்.

துஷானி ஜெர்மனியில், பீலெஃபெல்ட் என்ற நகரத்தில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை. அவள் புருஷன் சுகிர்தன் அதே நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். நல்ல மனிதன், அதிர்ந்து ஒரு சொல் சொல்லமாட்டான். ஒரேயொரு குறை, சிகரெட். பனி கொட்டுகிற நாளிலும் கோட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்று ஊதுவான். இரவில் அவன் இருமினால் துஷானிக்கு நித்திரை போய்விடும். அடுத்த இருமல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு கிடப்பாள். வந்தாலும் பயம், வராவிட்டாலும் மூச்சு இருக்கிறதா என்று பயம்.

ஒருமுறை டாக்டர் அவனுடைய நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என்ன சொன்னாரோ, சுகிர்தன் வீட்டுக்கு வந்து பெட்டியோடு சிகரெட்டைக் குப்பையில் போட்டான். துஷானி சாமி அறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். அதற்குப் பிறகு அவன் சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற கருவி ஒன்று வாங்கினான். இப்போது பொடியன்கள் எல்லாம் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறார்களே, அதுதான். உள்ளே ஒரு கம்பிச் சுருள், சுருளுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சில் இனிப்பு மணமுள்ள ஒரு திரவம். பற்றறி கம்பியைச் சூடாக்கும், திரவம் ஆவியாகும், அதை இழுக்கவேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அவன் வாங்கிய கருவியில் நாலு இழுவைக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, பஞ்சின்மேல் துளித்துளியாகத் திரவம் விடவேண்டும். பஸ் போய் நிற்கிற கடைசித் தரிப்பிடத்தில் கிடைக்கிற சின்ன ஓய்வில், கை நடுங்காமல் அதை யார் செய்வது? ஒருநாள் போத்தல் கவிழ்ந்து, சீருடைக் காற்சட்டை முழுக்க ஸ்ட்ரோபெரி மணக்க மணக்க பஸ் ஓட்டினான். ஏறி வந்த ஒரு ஜெர்மன் கிழவி மூக்கை உறிஞ்சிவிட்டு, "டிரைவர், வீட்டில் ஜாம் காய்ச்சினீர்களா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் அவனுடைய தம்பி மதீசன், பிராங்பேர்ட்டில் இருக்கிறவன், சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் சாமத்தியச் சடங்குக்கு வந்தபோது தன்னுடைய கருவியைக் காட்டினான். சின்னப் பெட்டி ஒன்று. பெட்டிக்குள்ளே ஒரு பக்கம் பற்றறி, மறுபக்கம் மெத்தென்ற பிளாஸ்ரிக் போத்தல். போத்தலை விரலால் ஒருமுறை அமத்தினால் திரவம் கீழிருந்து மேலேறிப் பஞ்சை நனைக்கும். மூடி கழற்றத் தேவையில்லை, துளி சிந்தாது.

"பாத்தியளோ அண்ணை, கீழயிருந்து பால் குடுக்கிற பெட்டி," என்றான் மதீசன்.

சுகிர்தன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பலகாரத் தட்டு அவனைக் கடந்து போனது. அவன் கவனிக்கவில்லை. "இதை நான் மரத்தில செய்வன்," என்றான்.

அன்றைக்குப் பிடித்தது துஷானிக்குப் பயம்.

ஜெர்மனியில் பழைய தளபாடங்களைத் தெருவோரம் எடுத்து வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்படி யாரோ வைத்த அலுமாரி ஒன்றின் காலை சுகிர்தன் தூக்கிக்கொண்டு வந்தான். வால்நட் மரம். தோலைச் சீவினதும் உள்ளே தேன் நிறத்திலும் கறுப்பிலும் ரேகை ஓடியது. அடுக்குமாடிக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலவறை உண்டல்லவா, எங்கள் சனம் கெல்லர் என்று சொல்லுகிற இடம், அங்கே கொண்டுபோய் வைத்துத் துளைக்கத் தொடங்கினான். வேலையால் வந்ததும் கெல்லர். சாப்பிட்டதும் கெல்லர். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம் என்பதால் அன்றைக்கு உட்கார்ந்து மணல் தாளால் தேய்ப்பான்.

துஷானி படிக்கட்டில் நின்று கேட்பாள். உடுப்புத் தோய்க்கிற மெஷினும் அங்கேதான் இருந்ததால் இறங்கிப்போக ஒரு சாட்டும் இருந்தது. துளைக்கிற சத்தம் கேட்டால் அவன் விரலை நினைத்துப் பயம். சத்தம் நின்றால், ஏன் நின்றது என்று பயம். அவளோடு வேலை செய்கிற ஒருத்தியின் கராஜில் சைக்கிள் பற்றறி தீப்பிடித்துக் கதவெல்லாம் கருகிப்போனதை அவள் படத்தில் பார்த்திருக்கிறாள். அந்தக் கறுத்த கதவு அவள் கண்ணை விட்டுப் போகவேயில்லை.

"இஞ்சருங்கோ, இதுக்குள்ள பற்றறி வெடிச்சால்?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"உமக்கு எல்லாம் வெடிக்கும். போன கிழமை பிறஷர் குக்கர். அதுக்கு முந்தின கிழமை பக்கத்து வீட்டுக்காரன்ர கார்."

"பகிடி விடாதேங்கோ. கேட்டதுக்குச் சொல்லுங்கோ."

"வெடிக்காதப்பா. ஒரு செப்புத் தகடு, ஒரு சுவிச், ஒரு பற்றறி. சின்னப்பிள்ளையின்ர விளையாட்டுச் சாமான் மாதிரி."

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, பிள்ளைகளே. கடைப் பெட்டிக்குள் ஒரு சின்ன மூளை இருக்கும். பற்றறி அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். இவன் செய்த பெட்டிக்குள் அப்படி எதுவும் இல்லை. பற்றறி, தகடு, கம்பி, நேரே நேரே. அதனால்தான் அவன் ஒரு வேலை கவனமாகச் செய்தான். பற்றறி இருக்கிற பக்கத்தில், கீழ்க் கரையோடு, வரிசையாக மூன்று துளை போட்டான். ஒவ்வொரு துளையின் வாயையும் கடலைப் பருப்பு இருக்கிற அளவுக்குக் கிண்ணம்போலக் குடைந்து, வழுவழுவென்று தேய்த்தான். பற்றறி சூடேறி உள்ளிருந்து வாயுவைக் கக்கினால் அது வெளியே போக வழி வேண்டும். வழியில்லாமல் மூடின பெட்டி என்றால், அது பெட்டியில்லை, வெடி.

தேய்த்து முடித்து மேலே கொண்டுவந்த அன்றைக்கு துஷானி விரலால் தடவிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கே ஆசையாக இருந்தது. அவ்வளவு வடிவான பெட்டி.

"இதென்ன, பக்கத்தில மூண்டு ஓட்டை?"

சுகிர்தன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். கராஜ் கதவு அந்த முகத்தில் அப்போதும் இருந்தது.

"அது... வடிவுக்கு," என்றான்.

"பக்கத்தில ஆர் பாக்கப்போகினம்?"

"செய்தவன் பாப்பான்தானே. போம், ஒரு தேத்தண்ணி போடும்."

அவள் போனாள். அவனும் அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் முதன்முதலாகப் பெட்டியை வேலைக்குக் கொண்டுபோகிறதாக இருந்தது. துஷானிக்கு அன்று விடுமுறை. அவன் குளித்துக்கொண்டிருந்தான். பெட்டி மேசையில், பற்றறியும் போத்தலும் போட்டு ஆயத்தமாக இருந்தது. அவள் தலைமுழுகி, சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு, அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையாருக்கு முன்னால் வைத்தாள்.

புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் விடுகிற வீடில்லை அது. காருக்கு வைத்தார்கள், எலுமிச்சம்பழமும் நசித்தார்கள். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு வைத்தார்கள். ரைஸ் குக்கருக்குக்கூட வைத்தார்கள். அதில் வைத்த குங்குமம் இன்னும் முழுதாக அழியவில்லை. இதுவோ அவள் மனம் பதைக்கிற சாமான். இதற்கு வைக்காமல் எதற்கு வைப்பது?

ஹம் நகரத்துக் கோயிலில் இருந்து கொண்டுவந்த சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தாள். எங்கே வைப்பது? முன்பக்கத்தில் மரத்தின் ரேகை அவ்வளவு அழகாக ஓடுகிறது, சந்தனம் பட்டால் கறை பிடிக்கும், மனுஷன் மனம் நோவான். அப்போதுதான் அந்த மூன்று கிண்ணமும் கண்ணில் பட்டன. பொட்டு வைக்கவென்றே குடைந்ததுபோல, வட்டமாக, வரிசையாக. வடிவுக்குத்தானே போட்டேன் என்று அவனே சொன்னான்.

துஷானி எதைச் செய்தாலும் திருந்தச் செய்கிறவள். பையில் வைத்தால் உதிர்ந்துவிடக் கூடாது என்று மோதிர விரலால் நன்றாக அமத்தி அமத்தி மூன்றையும் நிரப்பினாள். மேலே குங்குமம் வைத்தாள். விளக்குத் தட்டு ஹீற்றருக்கு மேலே இருந்ததால் சந்தனம் கொஞ்ச நேரத்தில் சீமெந்துபோல இறுகிவிட்டது.

"பிள்ளையாரப்பா, இது அவரின்ர கையில வெடிக்காமல் பாத்துக்கொள்," என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

சுகிர்தன் சீருடை போட்டுக்கொண்டு வந்தான். பெட்டியைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுடைய நெற்றியில் திருநீறும், கண்ணில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவும் இருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"பொட்டு வைச்சிட்டீரோ?"

"ஓம். இனி எனக்குப் பயமில்லை."

அவன் பெட்டியைக் கண்ணில் ஒற்றினான். பொட்டு வைத்ததைக் காற்சட்டைப் பைக்குள் வைக்க மனமில்லாமல், தோய்த்த வெள்ளைத் துணி ஒன்றில் சுற்றித் தோள்பைக்குள் வைத்தான். துஷானி அதன்மேல் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அடைத்த எவர்சில்வர் பெட்டியை வைத்து, சிப்பை இழுத்துப் பூட்டினாள். பை நிறைந்து இறுகியிருந்தது.

மத்தியானம் மதீசன் போன் எடுத்தான்.

"அண்ணி, என்ன, அண்ணை பெட்டி முடிச்சிட்டாராம்? எனக்கும் ஒண்டு செய்யச் சொல்லுங்கோவன். இஞ்ச என்ர பிளாஸ்ரிக் பெட்டியைப் பாத்து வேலையில பகிடி பண்ணுறாங்கள்."

"நீர் முதல் அவரை உந்தக் கோதாரிக்குள்ள இழுத்து விட்டதுக்குப் பதில் சொல்லும்," என்றாள் துஷானி. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நல்ல மனநிலை. "வடிவாத்தான் செய்திருக்கிறார். நான் சந்தனப் பொட்டும் வைச்சு அனுப்பியிருக்கிறன்."

மதீசன் சிரித்தான். "ஆவி இழுக்கிற சாமானுக்குப் பொட்டோ! அண்ணி, உங்களை அடிக்க ஆளில்லை. எங்க வைச்சனியள், நெத்தி எங்க இருக்கு அதுக்கு?"

"பக்கத்தில மூண்டு ஓட்டை வடிவுக்குப் போட்டிருக்கிறார். அதுக்குள்ள அடைச்சு வைச்சன். அச்சடிச்ச மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"மதீசன்? இருக்கிறீரோ?"

"அண்ணி, பற்றறி இருக்கிற பக்கமோ?"

"ஓம்."

"மூண்டையும் அடைச்சிட்டியளோ?"

"ஓமப்பா. ஏன்?"

"அண்ணி, அது வடிவுக்கு இல்லை." அவன் குரல் தணிந்தது. "பற்றறி சூடாகி வாயு கக்கினால் வெளிய போற வழி அது. அடைச்சால்... குழாய்க்குள்ள வெடி வைச்ச மாதிரி. சுவிச்சுக்குப் பூட்டு வைச்சவரோ, அதெண்டாலும் தெரியுமோ? ஏதும் பட்டு சுவிச் அமந்தால் அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டே இருக்கும். அண்ணைக்கு உடன போன் அடிச்சு, பற்றறியைக் கழட்டச் சொல்லுங்கோ."

துஷானி போனை வைத்தாள். மூன்று கிண்ணத்தையும் அமத்தின அதே விரலால் சுகிர்தனின் இலக்கத்தை அழுத்தினாள். பஸ் ஓட்டுகிற நேரத்தில் அவன் கைப்பேசியை அணைத்து வைப்பான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தாள். திரும்பவும் அடித்தாள். ஒரு பெண் குரல் ஜெர்மனில், மரியாதையாக, ஆளை எட்ட முடியாது என்று சொன்னது.

பஸ் கொம்பனியின் கட்டுப்பாட்டு அறைக்கு ஓர் இலக்கம் உண்டு. அவர்கள் நினைத்தால் ஓடுகிற பஸ்ஸுக்கே பேசலாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த இலக்கம் ஒட்டியிருந்தது. துஷானி அதற்கு முன்னால் நின்றாள். பஸ்ஸுக்குள் வெடிக்கிற சாமான் இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? பொலிஸ் வரும். சனத்தை இறக்குவார்கள். அவனுடைய வேலை போகும். வெறும் வேலையா அது? எத்தனை வருடம் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு, நடுங்கி நடுங்கிப் பரீட்சை எழுதி எடுத்த வேலை. சொல்லாவிட்டால்? கறுத்த கதவு கண்முன்னே வந்து நின்றது. அந்தக் கதவுக்குப் பின்னால் பிள்ளைவண்டிலோடு ஏறுகிற தாய்மாரும், ஜாம் மணம் பிடிக்கிற கிழவியும் இருந்தார்கள்.

அவள் அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். துஷானி பெயரைச் சொல்லி, புருஷனின் பெயரைச் சொல்லி, பஸ் வழித்தடத்தைச் சொன்னாள்.

"அவசரமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஓம் என்று சொல்லவேண்டிய இடம், கண்ணுகளே. அவனுடைய வேலைதான் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"அவ்வளவு அவசரம் இல்லை. பையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். தயவுசெய்து உடனே."

"மரப்பெட்டி? அதற்குள் என்ன இருக்கிறது?"

"அது... எங்கள் கோயில் சாமான்."

"ஓ, புரிகிறது," என்றாள் அந்தப் பெண், பக்குவமான குரலில். "சொல்லிவிடுகிறேன்."

போனை வைத்த பிறகுதான் துஷானிக்கு உறைத்தது. பற்றறியைக் கழற்றச் சொல்லவேண்டியவள், தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திரும்ப அழைத்தாள். காத்திருக்கச் சொல்லி ஒரு சங்கீதம் வாசித்தது. வாசித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுச் சட்டைக்கு மேலே ஜக்கெற்றைக் கொளுவிக்கொண்டு படியிறங்கினாள். காலில் வீட்டுச் செருப்பு. ட்ராம் போய் முடிகிற அதே இடத்தில்தான் சுகிர்தனின் பஸ்ஸும் போய்த் திரும்பும். அங்கேதான் அவன் ஓய்வெடுப்பான். அங்கேதான் அவன் பெட்டியை எடுத்து வாயில் வைப்பான்.

ட்ராமில் ஏறி இருந்த பிறகுதான் டிக்கெட் எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பயமும் வந்து மற்றப் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கதவு திறந்து, மூடாமல், யாருக்கோ காத்துக்கொண்டு நின்றது. ஒரு பெரியவர் நடைவண்டியை ஏற்றினார். ஏறி முடியவில்லை. துஷானி எழுந்துபோய்த் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அவர் நன்றி சொல்லி, காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அவள் தலையை ஆட்டினாள். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

தீயணைப்பு வண்டி ஒன்று சத்தமிட்டுக்கொண்டு ட்ராமைக் கடந்து போனது. துஷானி கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு என்று மனதுக்குள் கெஞ்சினாள். சந்தியில் அது இடப்பக்கம் திரும்பியது. வேறு யாருடைய வீடோ. அப்படி நினைத்து நிம்மதிப்பட்டதற்கும் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

மதீசன் மறுபடி எடுத்தான்.

"அண்ணி, ஆள் கிடைச்சாரோ?"

"இல்லை. நான் ட்ராமில போறன்."

"அந்தச் சந்தனம் லேசாத்தானே வைச்சனியள்? காஞ்சு விழுந்திருக்கும், என்ன?"

"விழாது. நல்லா அமத்தி வைச்சனான்."

"ஐயோ அண்ணி, ஏன்தான் எல்லாத்தையும் இவ்வளவு நல்லாச் செய்யிறியளோ!" என்றான் மதீசன்.

கடைசித் தரிப்பிடம் காட்டுக் கரையோடு இருக்கிறது. ட்ராம் கதவு திறந்ததும் துஷானி இறங்கி ஓடினாள். பஸ் நின்றது. முழுதாக நின்றது. கண்ணாடிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கதவு மூடியிருந்தது. தரிப்பிடத்தில் ஒரு கிழவி கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கொஞ்சம் தள்ளி, மரங்களுக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு சுகிர்தன் நின்றான். அவனுடைய தலைக்கு மேலே புகை போனது.

"இஞ்சருங்கோ!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். கையில் சிகரெட். பள்ளிக்கூடப் பொடியன்போல அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"துஷா, கோவிக்காதையும், இது இண்டைக்கு மட்டும்..."

"பெட்டி எங்க?"

"இது ஒரு ஆளிட்ட வாங்கினது, சத்தியமா நான்..."

"சிகரற்றைப் பத்தியே ஆர் கேட்டது! பெட்டி எங்க?"

"பைக்குள்ள. பஸ்ஸுக்குள்ள. தொடேல்லையப்பா, நீர் சொன்ன மாதிரி. கொன்ட்ரோலில இருந்து சொன்னவை, கோயில் சாமானாம், தொடவேண்டாமாம் எண்டு. நேர்த்திக்கடன் ஏதும் வைச்சிருக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்."

"தொடாமலே வைச்சிருக்கிறியள்?"

"ஓட்டை அடைபட்டதைக் காலமை கண்டனான். இஞ்ச வந்து குத்தி எடுப்பம் எண்டுதான் நினைச்சது. பேந்து சாமிப் பொட்டைக் குத்தி எடுக்க மனம் வரேல்லை. எடுக்காமல் இழுக்கவும் ஏலாது. சரி, பற்றறியை எண்டாலும் கழட்டி வைப்பம் எண்டு கையை வைக்கப் போக, உம்மட சேதி வந்தது." அவன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். "அதுதான் இந்தச் சனியனை ஒருத்தனிட்ட..."

"கதவைத் திறவுங்கோ."

கதவு திறந்ததும் மணம் வந்தது. கருகின பஞ்சு மணம். அதற்குள்ளே ஸ்ட்ரோபெரி.

சாரதி இருக்கைக்குப் பின்னால் பை கிடந்தது. சுகிர்தன் சிப்பை இழுத்து, புட்டுப் பெட்டியைத் தூக்கினான். பையைத் திரும்ப மூடினபோது நழுவின அதன் விளிம்பு சுவிச்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் துணியில் மண்ணிறமாக ஒரு வட்டம். அவன் துணியோடு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "தள்ளி நில்லும்!" என்று கத்தினான். அவள் தள்ளி நிற்கவில்லை.

மூடி வரவில்லை. போத்தல் சூட்டில் சுருங்கித் திரவம் கசிந்து, மரம் பொருமி இறுகிவிட்டது. அவன் நகத்தால் இழுத்தான். பெட்டியின் சூடு துணியைத் தாண்டி வந்தது. உள்ளே இருந்து மெல்லிய சத்தம் ஒன்று, பால் பொங்கமுன் வருகிற மாதிரி.

"எறியுங்கோ! அப்பிடியே எறியுங்கோ!"

"எங்க எறியிறது? சனம் நிக்குது!"

துஷானி ஓடிப்போய் அவனுடைய சாப்பாட்டுக் கரண்டியை எடுத்து வந்தாள். கரண்டிக் காம்பை மூடியின் இடுக்கில் செருகி, இரண்டு கையாலும் நெம்பினாள். மரம் சடாரென்று விட்டது. பற்றறி துள்ளி வந்து புல்லில் விழுந்தது. தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தெருவில் போடுகிற மணல் நிரப்பின பெட்டி ஒன்று நிற்குமே, அதன் மூடியை அவள் திறந்து பிடித்தாள். அவன் கரண்டியால் பற்றறியை அள்ளி அந்த மணலுக்குள் கொட்டினான். இரண்டு பேரும் கிழவியையும் கைபிடித்து இழுத்துக்கொண்டு ட்ராம் தண்டவாளம் வரை ஓடினார்கள்.

மணலுக்குள் இருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. நூல்போலக் கொஞ்சம் வெள்ளைப் புகை எழும்பியது. பிறகு அதுவும் இல்லை. காட்டில் ஒரு குருவி கத்துவது கேட்டது.

கிழவி மூக்கை உறிஞ்சினாள். "இன்றைக்கு ஜாம் அடிப்பிடித்துவிட்டது போல, டிரைவர்," என்றாள்.

சுகிர்தன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அவனுடைய இரண்டு விரல் நுனிகளும் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தன. துஷானி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அந்த விரல்களில் ஊற்றினாள். ஊற்றி முடிந்த பிறகும் கையை விடவில்லை.

"வடிவுக்கு எண்டு சொன்னியள்."

"நீர் பயப்பிடுவீர் எண்டுதான்..."

"நான் எப்பவும் பயந்துகொண்டுதானே இருக்கிறன். பயப்பிடுறவளுக்கு எது பயப்பிட வேண்டிய இடமெண்டு சொல்லித் தாறேல்லையே? தெரிஞ்சிருந்தால் அந்த ஓட்டையில ஒரு தூசி இருக்க விட்டிருப்பனே?" சொல்லிக்கொண்டு வந்தவள் இடையில் நின்றாள். "நானும் கொன்ட்ரோலுக்குக் கோயில் சாமான் எண்டுதான் சொன்னனான். வெடிக்கும் எண்டு சொல்லேல்லை. உங்கட வேலை போயிடும் எண்டு."

அவன் அவளைப் பார்த்தான்.

"வேலையை நான் பாக்கிறன்," என்றான்.

பஸ்ஸுக்குள் ஏறிக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டான். அவன் ஜெர்மனில் சொன்னது கீழே நின்ற துஷானிக்குக் கேட்டது. கோயில் சாமான் இல்லை, நான் வீட்டில் செய்த மின்சிகரெட், பைக்குள் சூடேறிவிட்டது, பற்றறியை மணலுக்குள் போட்டிருக்கிறேன், பஸ்ஸில் யாரும் இல்லை, வந்து பார்க்கும்வரை நான் வண்டியை எடுக்கமாட்டேன். ஒன்றையும் விடாமல் சொன்னான்.

வந்து பார்த்தார்கள். அடுத்த கிழமை மேலதிகாரியிடம் போகச் சொல்லி ஒரு நாள் குறித்தார்கள். அது வரைக்கும் அந்த வீட்டில் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. போனான். நன்றாக ஏச்சு வாங்கினான். எச்சரிக்கை ஒன்று எழுத்தில் தந்தார்கள். வேலை போகவில்லை. தானாகச் சொன்னதால்தான் தப்பினீர்கள் என்று அந்த மனிதர் எழும்பி நின்று கைகொடுத்தாராம்.

அந்தப் பெட்டியை சுகிர்தன் திரும்பவும் செய்தானா என்று கேட்பீர்கள். சிகரெட் பக்கம் திரும்பிப்போகாமல் இருக்கச் செய்யத்தான் வேண்டியிருந்தது. அதே அலுமாரிக் காலின் மிச்சத் துண்டில் செய்தான். இந்த முறை சுவிச்சுக்குத் திருகிப் பூட்டுகிற வளையம் வைத்தான், வெளியே போகும்போது பற்றறியைக் கழற்றித் தனி உறையில் வைத்தான், பஸ்ஸுக்குள் கொண்டுபோகவேயில்லை. கெல்லரில் துஷானியும் பக்கத்தில் ஒரு ஸ்ரூலில் இருந்தாள். எது சூடாகும், எது உருகும், எங்கே பிழைத்தால் என்ன நடக்கும் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் முகம் வெளிறிக்கொண்டே போனது. அவன் நிறுத்தினால், "சொல்லுங்கோ, சொல்லுங்கோ," என்றாள்.

துளை போடுகிற நேரம் வந்ததும் துளைக்கிற மெஷினை அவள் வாங்கிக்கொண்டாள்.

"மூண்டு போதும்," என்றான் அவன்.

"நாலாவது ஒண்டு எனக்காக," என்றாள். போட்டாள்.

பொட்டு வைக்காமல் விட்டாளா? அவளாவது விடுவதாவது! ஆனால் குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு, பெட்டியைப் புருஷனிடம் நீட்டி, "எங்க வைக்கலாம்?" என்று முதலில் கேட்டாள். அவன் மூடியின் நடுவைத் தொட்டுக் காட்டினான். ரேகை கறைபட்டால் படட்டும் என்றான். அந்தக் கறை இன்னும் அதில் இருக்கிறது.

முதல் பெட்டிக்குள் பூதம் இருந்ததா இல்லையா, இப்போது நீங்களே சொல்லுங்கள். தேத்தண்ணி ஆறிவிட்டது, பாருங்கள். கொண்டுவாருங்கள், சூடாக்கித் தருகிறேன். உங்கள் வீட்டு அடுப்பு எரியவேண்டிய இடத்தில் மட்டும் எரியட்டும், கண்ணுகளே. விடியப் போனவர்கள் போன மாதிரியே வந்து உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றட்டும். நடுச்சாமத்தில் யாரும் யாருடைய மூச்சையும் எண்ணிக்கொண்டு கிடக்கவேண்டாம். பயம் வந்தாலும் அதை இரண்டு பேர் பங்குபோட்டுத் தூக்குகிற வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நல்லாயிருங்கள்.